காலடியில் ஒரு பச்சைக் கோடு: லேசர் ஊன்றுகோலுடன் ஒன்பது மாதங்கள்

நின்ற இடத்தில் கால் ஒட்டிக்கொள்வதை அனுபவிக்காதவருக்கு விளக்குவது கடினம். வலி கிடையாது. மரத்துப்போவதும் இல்லை. காலில் பலம் அப்படியே இருக்கிறது. குளியலறை வாசலுக்கு வருகிறேன், உள்ளே போக நினைக்கிறேன், உடம்பின் மேல்பாதி கிளம்பிவிடுகிறது, பாதம் மட்டும் தரையை விடுவதில்லை. குதிகால் லேசாக எழும்பி முழங்கால் படபடவென்று நடுங்கும். யாரோ தரையில் பசை தடவி வைத்த மாதிரி இருக்கும். சில நேரம் மூன்று நொடி, சில நேரம் அரை நிமிடம். மேல்பாதி முன்னே போய்க் கீழ்ப்பாதி நின்றுவிட்டால் நடப்பது ஒன்றுதான். நான் இரண்டு முறை குப்புற விழுந்தேன். இரண்டாவது முறை நெற்றியில் ஏழு தையல்.

எனக்கு வயது 67. நில அளவையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். பார்க்கின்சன் நோய் என்று தெரிந்து ஏழு வருடமாகிறது. முதல் ஐந்து வருடம் வலது கை நடுக்கமும் மெதுவான நடையும்தான். இந்த உறைதல் அப்புறம் வந்தது. இதற்காக வாங்கிய லேசர் ஊன்றுகோலை ஒன்பது மாதம் தினமும் பயன்படுத்திவிட்டு இதை எழுதுகிறேன். கம்பெனியின் பெயரைச் சொல்லவில்லை. இந்த வகை ஊன்றுகோல்களைப் பலர் செய்கிறார்கள். நான் கண்ட நல்லது கெட்டது பெரும்பாலும் இந்த வகை முழுவதற்கும் பொருந்தும்.

முதலில் பொருளைப் பார்ப்போம். சாதாரண அலுமினிய ஊன்றுகோல்தான். தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், தண்டின் முன்பக்கம் தீப்பெட்டி அளவில் ஒரு சிறிய பெட்டி. அதிலிருந்து பச்சை நிறக் கோடு ஒன்று எனக்கு முன்னால் தரையில் குறுக்காக விழும். கோட்டின் நீளம் 60 செ.மீ. ஊன்றுகோலைச் செங்குத்தாகப் பிடித்தால் அதன் நுனியிலிருந்து 48 செ.மீ. தள்ளி விழுகிறது. டேப் வைத்து நானே அளந்தேன். கைப்பிடிக்குக் கீழே ஒரு தள்ளுபொத்தான் இருக்கிறது. ஒரு பக்கம் தள்ளினால் கோடு எப்போதும் எரியும். மறுபக்கம் தள்ளினால் தரையில் அழுத்தி ஊன்றும்போது மட்டும் எரியும். நடுவில் வைத்தால் அணைந்துவிடும். எடை ஒரு சாதாரண ஊன்றுகோலைவிடக் கொஞ்சம் கூடுதல். தனியாகத் தூக்கிப் பார்த்தால் தெரியாது, அரை மணி நேரம் நடந்தால் தோள்பட்டைக்குத் தெரியும்.

ஒரு கோடு எப்படிக் காலைத் தூக்க வைக்கும்? எங்கள் பிசியோதெரபிஸ்ட் இதை முதலில் சொன்னபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் வாதாடவில்லை. வண்ண ஒட்டுநாடாவை எடுத்து, நான் மாட்டிக்கொள்ளும் அதே வாசலுக்கு முன்னால் இரண்டு சாண் இடைவெளியில் ஐந்து பட்டைகளைக் குறுக்காக ஒட்டினார். "சார், தரையைத் தாண்ட வேண்டாம், பட்டையை மட்டும் தாண்டுங்க" என்றார். ஒட்டிக்கொண்டிருந்த கால் எழுந்து பட்டையைத் தாண்டியது. அடுத்ததும் தாண்டியது. ஐந்து பட்டை முடிந்து வெறும் தரை வந்ததும் மறுபடி ஒட்டிக்கொண்டது. என் மனைவி வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அதுவரை அவள் செய்த வைத்தியம், தன் பாதத்தை என் பாதத்துக்கு முன்னால் குறுக்காக வைத்து "என்னங்க, என் காலைத் தாண்டுங்க" என்பது. அதுவும் இதே சூட்சுமம்தான் என்று அன்றைக்குத்தான் எங்கள் இருவருக்கும் புரிந்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவளே கண்டுபிடித்தது.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1960களிலேயே பர்டன் மார்ட்டின் என்ற பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவர், தரையில் குறுக்குக் கோடு போட்டால் பார்க்கின்சன் நோயாளிகள் நன்றாக நடப்பதைப் பதிவு செய்திருக்கிறார். நடக்கும் திசையிலேயே நீளவாக்கில் போட்ட கோடு அப்படி உதவவில்லை. குறுக்காக இருக்க வேண்டும், தரையின் நிறத்திலிருந்து பளிச்சென்று பிரிந்து தெரிய வேண்டும், அடி வைக்கும் தூரத்துக்குப் பொருந்த வேண்டும். ஒரு லேசர் ஊன்றுகோல் நல்லதா இல்லையா என்று பார்க்க இந்த மூன்றே போதும். கீழே நான் சொல்லும் குறைகள் எல்லாம் இந்த மூன்றில் ஒன்றில் போய்த்தான் முட்டுகின்றன.

நமக்கு நடை என்பது யோசித்துச் செய்யும் காரியம் இல்லை. மூளையின் ஆழத்தில் இருக்கும் பேசல் கேங்லியா என்ற நரம்புத் திரள்கள் அதைத் தானாக ஓட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு டோபமின் என்ற வேதிப்பொருள் வேண்டும். டோபமின் சுரக்கும் செல்கள் அழிவதுதான் இந்த நோய். கை நடுக்கம் வெளியே தெரிவதற்குள் அந்தச் செல்களில் பாதியளவு போய்விடுகிறது. உள்ளிருந்து வரும் "அடுத்த அடி வை" என்ற தாளம் தவறும்போது கால் நின்றுவிடுகிறது. கண்ணால் பார்த்து ஒரு பொருளைத் தாண்டுவது வேறு வழியாகப் போகிற வேலை. பார்வையையும் உடலசைவையும் இணைக்கும் மேற்பகுதிகளும் சிறுமூளையும் அதைப் பார்த்துக்கொள்கின்றன என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் விளக்கம். பெரிய சாலை அடைபட்டால் சந்து வழியாகப் போவது போல. சமதரையில் மாட்டிக்கொள்ளும் எனக்குப் படிக்கட்டு ஏறுவது ஏன் சுலபமாக இருக்கிறது என்ற கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது. ஒவ்வொரு படியும் ஒரு குறுக்குக் கோடு.

2010ல் நெதர்லாந்தைச் சேர்ந்த பாஸ் புளூம் குழுவினர் ஒரு மருத்துவ இதழில் 58 வயதுக்காரர் ஒருவரைப் பற்றி எழுதினார்கள். பத்து வருடமாகப் பார்க்கின்சன் உள்ளவர். சில அடிகள்கூட நடக்க முடியாமல் விழுபவர். அவரை சைக்கிளில் ஏற்றிவிட்டால் சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போகிறார், இறங்கியதும் உறைந்து நிற்கிறார். இதைப் படித்த இரவு நான் வெகுநேரம் தூங்கவில்லை. ஓட்டும் திறன் அவருக்குள் எங்கேயும் போய்விடவில்லை. அதைக் கிளப்பிவிடும் சாவிதான் தொலைந்திருக்கிறது. இந்த ஊன்றுகோலை வாங்கலாம் என்று முடிவு செய்தது அன்றைக்குத்தான்.

வாங்கிய முதல் வாரம் ஏமாற்றம். கோடு விழுகிறது, நான் பார்க்கிறேன், கால் நகரவில்லை. தவறு என்னுடையது. கோட்டைப் பார்த்தபடியே அதன் மேல் மிதிக்க முயன்றுகொண்டிருந்தேன். பிசியோதெரபிஸ்ட் மூன்று நாள் கூடவே நடந்து திருத்தினார். முதலில் நில். ஒரு மூச்சு விடு. எடையை ஒரு காலுக்கு மாற்று. அப்புறம் மற்ற காலைத் தூக்கிக் கோட்டுக்கு அந்தப்பக்கம் குதிகாலை வை. இந்த நான்கும் வரிசையாக வர எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. பெட்டியோடு வந்த கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. பேட்டரி மாற்றுவதற்கு ஒரு முழுப் பக்கம் இருக்கிறது. பயிற்சி இல்லாமல் இதை வாங்கி, பலனில்லை என்று மூலையில் சாத்தி வைத்தவர்கள் நிறைய இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அளந்து அளந்து பழகியவன், அதனால் கணக்கு வைத்தேன். ஊன்றுகோல் வருவதற்கு முன் 14 நாளில் 83 முறை உறைந்து நின்றேன். பழகி முடித்த பிறகு 14 நாளில் 41. கிட்டத்தட்டப் பாதி. ஒரு மனிதனின் நோட்டுப் புத்தகம் ஆய்வாகிவிடாது, தெரியும். ஆனால் நெதர்லாந்தில் 21 பேரிடம் நடந்த ஒரு ஆய்வு இருக்கிறது, 2018ல் வெளியானது. அதில் லேசர் கருவியை ஊன்றுகோலில் வைக்காமல் செருப்பில் பொருத்தினார்கள். மருந்தின் வேகம் இறங்கிய நேரத்தில் உறைதலின் எண்ணிக்கை சுமார் 46% குறைந்தது. மருந்து வேலை செய்யும் நேரத்தில் சுமார் 38%. என் நோட்டுக் கணக்கு அதற்குப் பக்கத்தில் வருவதைப் பார்த்தபோது, இது என் மனப்பிரமை இல்லை என்று ஒரு தெம்பு வந்தது.

"ஆன்", "ஆஃப்" பற்றித் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. லெவோடோபா மாத்திரை போட்டு அது வேலை செய்யும் நேரத்தை ஆன் என்போம். அடுத்த மாத்திரைக்கு முன் அதன் சக்தி தேய்ந்துவிடும் நேரம் ஆஃப். என் 83ல் அறுபதுக்கு மேல் ஆஃப் நேரத்தில் வந்தவை. ஊன்றுகோல் வாங்குவதற்கு முன் மருத்துவரிடம் போய் மாத்திரையின் இடைவெளியைச் சரி செய்துகொள்ளுங்கள். எனக்கு அந்த மாற்றம் மட்டுமே கணிசமாக உதவியது. ஊன்றுகோல் எந்த மாத்திரைக்கும் மாற்று ஆகாது.

சரி, குறைகளுக்கு வருகிறேன்.

வெயிலில் கோடு தெரியாது. சிவப்பைவிடப் பச்சை நம் கண்ணுக்குப் பிரகாசமாகத் தெரியும் என்பதால்தான் பச்சையைத் தேர்ந்தெடுத்தேன். பிசியோதெரபிஸ்ட்டிடம் இருந்த சிவப்பு லேசர் ஊன்றுகோலோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. இருந்தாலும் நண்பகலில், திறந்த வெளியில், இரண்டுமே ஒன்றுதான். வெளியே போவதென்றால் காலையும் மாலையும்தான். வழவழப்பான தரையில் கோடு சிதறி மங்கிவிடும். கட்டம் கட்டமாக அலங்காரம் போட்ட தரை இன்னும் மோசம். எது லேசர், எது தரையின் கோடு என்று கண் தடுமாறுகிறது.

திரும்பும்போது உதவி மிகவும் குறைவு. இது சின்னக் குறை இல்லை. உறைதல் அதிகம் வருவதே திரும்பும்போதுதான். ஊன்றுகோலைத் திருப்பினால் கோடும் கூடவே சுற்றும், எதைத் தாண்டுவது என்று காலுக்குத் தெரியாது. நின்ற இடத்தில் திரும்புவதை இப்போது விட்டுவிட்டேன். கடிகார முள் மாதிரி, பெரிய வட்டமாக, ஐந்தாறு அடியில் திரும்புகிறேன். இடம் இருந்தால் சரி. லிஃப்டுக்குள் இடம் இருக்காது. லிஃப்டில் நான் இன்னும் மனைவியின் தோளைத்தான் பிடிக்கிறேன்.

கோடு விழும் தூரத்தை மாற்ற முடியாது. என்னை மிகவும் வருத்தும் குறை இதுதான். ஆன் நேரத்தில் என் ஒரு அடி 52 செ.மீ. ஆஃப் நேரத்தில் 31. கோடோ 48லேயே நிற்கிறது. எனக்குக் கோடு மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது எட்டாத தூரத்தில் கிடக்கிறது. ஊன்றுகோலின் கைப்பிடியைக் கொஞ்சம் முன்பக்கம் சாய்த்தால் கோடு அருகே வரும். ஆனால் சாய்ந்த ஊன்றுகோலில் எடை போட முடியாது, வழுக்கும். லேசர் பெட்டியின் கோணத்தை மாற்ற ஒரு சிறிய திருகு வைத்திருந்தால் போதும். நாங்கள் அளவைக் கருவியின் அடியில் இருக்கும் அப்படிப்பட்ட திருகுகளைத் திருப்பித்தான் மட்டம் பார்ப்போம். இதைச் செய்வது பெரிய பொறியியல் இல்லை. கம்பெனிக்கு இரண்டு முறை எழுதினேன். முதல் கடிதத்துக்கு நன்றி தெரிவித்துப் பதில் வந்தது. இரண்டாவதற்கு எதுவும் வரவில்லை.

அப்புறம் அந்த பேட்டரி மூடி. மிளகு அளவு திருகு, அதற்கு அதைவிடச் சின்னத் திருப்புளி. கை நடுங்குவதால் இந்த ஊன்றுகோலை வாங்குகிற ஒருவர் அதை எப்படித் திறப்பார் என்று வடிவமைத்தவர்கள் ஒரு முறைகூட யோசிக்கவில்லையா? இந்த நோய் உள்ளவர்கள் இரண்டு பேரை ஒரு மேசையில் உட்கார வைத்து இதைத் திறக்கச் சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் பிரச்சினை தெரிந்திருக்கும். எங்கள் வீட்டில் பேட்டரி மாற்றுவது மனைவியின் வேலையாகிவிட்டது. தனியாக வாழ்பவர் என்ன செய்வார்?

அழுத்தினால் எரியும் முறையை நான் மூன்றாவது வாரமே விட்டுவிட்டேன். ஊன்றும்போது கோடு வரும், ஊன்றுகோலை எடுத்ததும் போய்விடும். கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கால் ஒட்டிய பதற்றத்தில் ஊன்றுகோலைப் பாதி தூக்கிக்கொண்டிருப்பேன், அந்த நேரம் பார்த்துக் கோடு அணைந்துவிடும். எப்போதும் எரியும் முறையில் பேட்டரி சீக்கிரம் தீர்ந்தாலும் அதுதான் பாதுகாப்பு. ஒளி கண்ணில் படாதபடி பெட்டி கீழ்நோக்கியே இருக்கிறது. வீட்டில் குழந்தைகள் இருந்தால், இதை எடுத்து யார் முகத்துக்கும் நேராகக் காட்டக் கூடாது என்று சொல்லி வையுங்கள்.

இனி எழுதப்போவதுதான் எனக்கு முக்கியம். ஊன்றுகோலை வாங்கிய உற்சாகத்தில் நான் செய்த ஒரு தவறு.

பிசியோதெரபி வகுப்பில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. என்னைவிட நான்கு வயது மூத்தவர். அவருக்கும் கால் ஒட்டும், என்னைவிட அதிகமாகவே. ஆனால் அவருக்கு வந்திருப்பது லூயி பாடி டிமென்ஷியா. மறதியும் குழப்பமும் முதலில் வந்து, நடைக்கோளாறு பின்னால் சேர்ந்தது. எனக்கு இவ்வளவு உதவியது அவருக்கும் உதவுமே என்று, யாரிடமும் கேட்காமல் என் ஊன்றுகோலை அவர் கையில் கொடுத்தேன். கோடு விழுந்தது. அவர் அதை உற்றுப் பார்த்தார். "கயிறு கிடக்கு சார், யாராவது தடுக்கி விழுந்துடுவாங்க" என்று சொல்லிக்கொண்டே அதை எடுக்கக் குனிந்தார். நல்லவேளை, உதவியாளர் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துவிட்டார். மற்றவர்கள் தடுக்கி விழக் கூடாது என்ற அக்கறையில் குனிந்த மனிதர் அவர். அவரை விழ வைக்க இருந்தவன் நான்.

அதன் பிறகுதான் இந்த நோய்களைப் பற்றி ஒழுங்காகப் படித்தேன். பார்க்கின்சனும் லூயி பாடி டிமென்ஷியாவும் ஒரே குடும்பம். 1912ல் ஃபிரிட்ஸ் லூயி என்ற ஜெர்மன் நரம்பியல் மருத்துவர் மூளைச் செல்களுக்குள் கண்ட உருண்டைகளுக்குத்தான் அவர் பெயர். அந்த உருண்டைகள் ஆல்ஃபா சினுக்ளின் என்ற புரதம் தவறாக மடிந்து திரண்டவை என்பது 1997ல் தெரியவந்தது. டிமென்ஷியா முதலிலோ, நடைக்கோளாறு தொடங்கி ஒரு வருடத்துக்குள்ளோ வந்தால் லூயி பாடி டிமென்ஷியா என்கிறார்கள். பார்க்கின்சன் வந்து அதற்கும் பிந்தி வந்தால் பார்க்கின்சன் டிமென்ஷியா. இல்லாததைப் பார்ப்பதும், ஒன்றை வேறொன்றாகப் பார்ப்பதும் லூயி பாடி டிமென்ஷியாவின் முக்கிய அடையாளம். லேசர் கோட்டை அவர் கயிறாகப் பார்த்தது அந்த வகைதான். கண்வழியாக உதவும் கருவியை, கண் சொல்வதை மூளை தவறாகப் படிக்கும் ஒருவருக்கு நான் கொடுத்திருக்கிறேன்.

இந்தப் புரதத்தை உயிரோடு இருப்பவரிடமே கண்டுபிடிக்கும் சோதனைகள் இப்போது வந்துகொண்டிருக்கின்றன. 2023ல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில் 1,123 பேரின் தண்டுவட நீரைச் சோதித்தார்கள். பார்க்கின்சன் உள்ளவர்களில் சுமார் 88% பேரிடம் புரதத்தின் தடயம் கிடைத்தது. மோப்ப சக்தி குறைந்திருந்தவர்களிடம் இன்னும் அதிகம். எனக்கு மோப்பம் மங்கிப் பன்னிரண்டு வருடமாகிறது, நடுக்கம் வருவதற்கு ஐந்து வருடம் முன்பே. சைனஸ் என்று நினைத்து விட்டுவிட்டேன். 2024ல் தோலில் சிறு துணுக்கை எடுத்துப் பார்க்கும் சோதனையிலும் பார்க்கின்சன் உள்ளவர்களில் 93% அளவுக்கும், லூயி பாடி டிமென்ஷியா உள்ளவர்களில் 96% அளவுக்கும் அந்தப் புரதம் தெரிந்தது. இரண்டு நோய்க்கும் ஒரே புரதம் என்பதால், என்ன நோய் என்று பிரித்துச் சொல்ல இன்னும் மருத்துவரின் கண்ணும் கேள்வியும் தேவைப்படுகின்றன.

அடுத்த கேள்வி எனக்கே. என் புத்தி எத்தனை நாள் இந்தக் கோட்டைக் கோடாகவே பார்க்கும்? 1817ல் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயை முதலில் எழுதியபோது புலன்களும் அறிவும் கெடுவதில்லை என்றே எழுதினார். அது சரியில்லை என்று பின்னால் தெரிந்தது. சிட்னியில் நடந்த நீண்ட ஆய்வில், 20 வருடம் கழித்தும் உயிரோடு இருந்தவர்களில் 83% பேருக்கு டிமென்ஷியா வந்திருந்தது. அந்த எண்ணைப் படித்த நாள் நான் நோட்டில் எதுவும் எழுதவில்லை. 2024ல் வந்த வேறொரு ஆய்வு கொஞ்சம் மூச்சு விட வைத்தது. நோய் தெரிந்து பத்து வருடத்தில் டிமென்ஷியா வரும் வாய்ப்பு, ஒரு குழுவில் 9%, வயது கூடிய இன்னொரு குழுவில் 27% என்று அது சொன்னது. எனக்கு இது ஏழாவது வருடம்.

இந்தப் பயம் ஊன்றுகோலோடும் நேரடியாகச் சம்பந்தப்பட்டது. கோடு தானாகக் காலைத் தூக்குவதில்லை. கவனம் கோட்டின் மேல் இருந்தால்தான் தூக்கும். நரம்பியல் மருத்துவர் என்னை நடக்க வைத்து, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார். 86 வரை வந்தேன், கால் ஒட்டிக்கொண்டது. எதிரே பச்சைக் கோடு எரிந்துகொண்டுதான் இருந்தது, எனக்கு அது தெரியவே இல்லை. நடைக்கும் கவனத்துக்கும் இவ்வளவு நெருக்கம் இருப்பதால்தான், டிமென்ஷியாவுக்குக் கொடுக்கும் ரிவாஸ்டிக்மின் மருந்தை நடைத் தடுமாற்றத்துக்குச் சோதித்திருக்கிறார்கள். 2016ல் 130 பேரிடம் நடந்த ஆய்வில் நடையின் சீர் கொஞ்சம் கூடியது. இப்போது எங்கள் வீட்டில் ஒரு விதி உண்டு. நான் நடக்கும்போது யாரும் என்னிடம் பேசக் கூடாது. பேச வேண்டுமென்றால் நான் நின்றுவிடுவேன், பேசி முடித்து, கோட்டைப் பார்த்து, மறுபடி கிளம்புவேன். பேரன் இதை என்னைவிடக் கறாராகக் கடைப்பிடிக்கிறான்.

இதைவிடப் பெரிய கருவிகள் ஆய்வுக்கூடங்களில் இருக்கின்றன. சுவிட்சர்லாந்தில் ஒருவரின் தண்டுவடத்தில் மின்தூண்டல் கருவி பொருத்தி அவர் நடையை மீட்டதை 2023ல் வெளியிட்டார்கள். 2024 ஜனவரியில் ஹார்வர்டு, பாஸ்டன் பல்கலைக்கழகக் குழுவினர் இடுப்பிலும் தொடையிலும் அணியும் மென்மையான ரோபோ உடையால் 73 வயதுக்காரர் ஒருவரின் உறைதலைக் கட்டடத்துக்குள் நடக்கும்போது இல்லாமலே செய்ததாக எழுதினார்கள். இரண்டுமே ஒரே ஒருவரிடம் நடந்த முயற்சிகள். நோயின் போக்கையே நிறுத்தும் மருந்து இதுவரை ஒன்றும் நிரூபணமாகவில்லை. நீரிழிவு மருந்தான எக்செனடைடின் மேல் பெரிய நம்பிக்கை இருந்தது. 2025ல் வந்த பெரிய சோதனை முடிவில் அது பலன் தரவில்லை. அதற்காக நான் வருத்தப்பட்டேன். ஆனாலும் அன்றைக்கும் குளியலறை வாசலைத் தாண்ட வேண்டியிருந்தது, அதற்கு என் கையில் இருந்தது இந்த ஊன்றுகோல்தான்.

யார் வாங்கலாம்? நடக்கத் தொடங்கும்போதும் வாசலிலும் கால் ஒட்டுகிறவர், ஒரு கையில் ஊன்றுகோலைப் பிடிக்கும் அளவுக்கு நிலை உள்ளவர், சொன்னதைப் புரிந்து வரிசையாகச் செய்ய முடிகிறவர். வாங்குவதற்கு முன் ஒட்டுநாடா சோதனையைச் செய்து பாருங்கள். வீட்டில் எந்த இடத்தில் அதிகம் மாட்டுகிறீர்களோ அங்கே ஒட்டி ஒரு வாரம் நடங்கள். பட்டை உதவவில்லை என்றால் லேசரும் பெரும்பாலும் உதவாது. சிலருக்குக் கண்ணைவிடக் காது நன்றாக வேலை செய்யும். என் வகுப்பில் ஒரு அம்மா தாளக்கருவியின் டக் டக் சத்தத்துக்கு அருமையாக நடக்கிறார், கோட்டுக்கு அசையவே மாட்டார். பின்பக்கமாகச் சாய்ந்து விழுகிறவர்கள், இல்லாததைப் பார்க்கிறவர்கள், குழப்பம் உள்ளவர்கள் தயவுசெய்து வேண்டாம். அவர்களுக்காக வாங்க நினைக்கும் பிள்ளைகளும் முதலில் பிசியோதெரபிஸ்ட்டிடம் கேளுங்கள். நான் கேட்காமல் கொடுத்ததைத்தான் மேலே சொன்னேன்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். கோணத்தை மாற்றும் திருகு ஒன்று வைத்து, பேட்டரி மூடியை விரலால் திறக்கும்படி செய்தால் நாலரை.

நண்பரைப் போன வாரம் பார்த்தேன். உதவியாளர் அவருக்கு முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டே இரு கைகளையும் பிடித்து "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணுகிறார். அதற்கு அவர் கால் எழுகிறது. என்னைப் பார்த்ததும் நின்று, "அந்தக் கயிறை எடுத்துட்டாங்களா சார்?" என்று கேட்டார். "எடுத்துட்டாங்க சார்" என்றேன். ஊன்றுகோலின் பொத்தானை அணைத்துவிட்டு, அவர் கதவைத் தாண்டிப் போகும் வரை சுவர் ஓரமாக நின்றேன்.